முடியாத களா

லப்பைக்குடிக்காடு
9.4.2025

அன்புள்ள ஜன்னத் அக்காவுக்கு ஆஃப்ராவின் சலாம். நீயும் உபைத் மச்சானும் மாமியும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே அம்மா சுகம். சவூதியில், தம்மாமில் அத்தாவும் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் அம்மாவுடையது. நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜை அம்மா கூடத்தில் சத்தமாகப் போடுவாள். உன் அம்மா, அதான் பெரியம்மா, வந்து கேட்பாள். பக்கத்து வீடும் கேட்கும். கடைசியில்தான் எனக்கு வரும். நீ வேலை பார்க்கிற ரெட்டிபாளையம் நர்சரி ஸ்கூல் விலாசம், பெருநாளைக்கு நீ கொண்டுவந்த பையில் அச்சாகியிருந்தது. அதற்குத்தான் போடுகிறேன்.

அக்கா, பெருநாளன்று நீ ஆட்டோவில் இருந்து இறங்கினபோது பெரியம்மாவே யாரோ என்று பார்த்தாள், அவ்வளவு இளைத்திருந்தாய். தெருவில் எல்லாரும் உன்னை பிரியாணி தேக்சா என்று கூப்பிட்டதெல்லாம் பொய் மாதிரி இருந்தது. பெரியம்மா சந்தோஷத்தில் அழுதாள். "இப்பத்தான்டி எம்மவ கண்ணுக்கு லச்சணமா இருக்கா" என்றாள். நான் பின்னால் நின்றிருந்தேன். என் பெருநாள் சட்டைக்கு ஜிப் ஏறவில்லை. அம்மா பக்கவாட்டில் வேறு துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். துப்பட்டாவால் அதை மூடிக்கொண்டே இருந்தேன்.

நான் ராத்திரியில் சாப்பிடுகிறேன் அக்கா. அம்மா தூங்கினதும் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். பசியில் இல்லை. மிச்ச சோறு, தம்ரூட் இனிப்பு, அத்தா அனுப்பின பால்மாவு, எது இருந்தாலும். பால்மாவைக் கரைக்கக்கூட மாட்டேன், அப்படியே வாயில் போட்டுக்கொள்வேன். சாப்பிடும்போது பயம் இல்லை. முடித்து வாயைக் கழுவும்போது பயம் வந்துவிடும். சர்க்கரை வியாதியில் அம்மாவைப் பெற்ற நன்னாவின் காலை எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "உனக்கு அப்படியே நன்னா வாகு" என்று அம்மா சிரித்துக்கொண்டு சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி இன்னொன்று. அன்று அத்தாவுக்கு லீவு. வீடியோ காலில் வருவார். அம்மா பிரியாணி வைத்து, போனைச் சொம்பில் சாய்த்து என் தட்டுக்கு நேராக வைப்பாள். "எம்பங்கையும் நீயே சாப்புடு தங்கம், நான் பாக்குறேன்" என்பார் அத்தா. நான் சாப்பிடச் சாப்பிட அவர் முகம் மலர்கிறது. போதும் என்று எப்படிச் சொல்வேன்?

நீ எப்படி நிறுத்தினாய்? அதை மட்டும் எழுது. பதிலை கவியா பெயருக்குப் போடு, கீழே விலாசம் இருக்கிறது. என் வகுப்புதான், ஊர் அகரம்சீகூர். பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸுக்கு வரும்போது கொண்டுவந்து தருவாள். அம்மா புரண்டு படுக்கிறாள். விளக்கை அணைக்கிறேன்.

உன் தங்கை
ஆஃப்ரா


ரெட்டிபாளையம்
20.4.2025

அடி கழுதை ஆஃப்ரா, வ அலைக்கும் சலாம். மாமி, மச்சான், நான், மூன்று பேரும் சுகம். ஸ்கூல் வாட்ச்மேன் செல்லப்பன் உன் கடிதத்தை எல்லார் முன்னாலும் நீட்டி, "டீச்சருக்கு லெட்டரு! இந்தக் காலத்துல யாரு டீச்சர் லெட்டர் போடுறது?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார். எல்.கே.ஜி. பிள்ளைகள் கைதட்டின.

நீ ஒன்றும் பயப்படாதே. வளர்கிற வயசு. நன்னாவுக்கு வந்தால் உனக்கும் வந்துவிடுமா? ராத்திரி சாப்பிடத் தோன்றினால் தண்ணீர் குடி. பல் துலக்கிவிட்டுப் படு. பால்மாவு டப்பாவை அம்மாவிடம் சொல்லி அலமாரியில் பூட்டச் சொல். ஏன் என்று கேட்டால் எறும்பு என்று சொல்.

நான் எப்படி நிறுத்தினேன் என்று கேட்டிருக்கிறாய். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் அரியலூரில் பஸ் ஏறி இங்கே வர வேண்டும், பிள்ளைகளோடு கத்த வேண்டும், திரும்பிப் போய் மாமிக்கு உதவ வேண்டும். உடம்பு தானாக இறங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ரமலானில் பெண்களுக்கு நோன்பு விட்டுப்போகிற நாள்களைப் பிறகு களாவாக வைத்துக் கட்ட வேண்டும் இல்லையா? எனக்குப் பல வருஷத்துக் களா பாக்கி இருந்தது. அதை வைக்க ஆரம்பித்தேன். அது முடிந்ததும் திங்கள், வியாழனில் கட்டாயமில்லாத சுன்னத் நோன்பு. நோன்பு என்று சொல்லிவிட்டால் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எந்த விருந்தானாலும் சரி. நிம்மதி.

உனக்கும் களா பாக்கி இருக்கும். வைத்துப் பார்.

அத்தாவின் வெள்ளிக்கிழமையை விட்டுவிடாதே, பாவம் அவர். உன் அம்மாவுக்கும், என் அம்மாவைப் பார்த்தால் அவளுக்கும் என் சலாம் என்று மனசுக்குள் சொல். வாயால் சொன்னால் மாட்டிக்கொள்வாய்.

ஜன்னத்


லப்பைக்குடிக்காடு
4.5.2025

அக்காவுக்கு சலாம். வெயில் அரியலூரில் இன்னும் அதிகமாமே, தலையை மூடிக்கொண்டு போ.

நீ சொன்ன மாதிரி களா வைக்க ஆரம்பித்தேன். வீடே மாறிவிட்டது. அம்மா விடிவதற்கு முன் எழுந்து எனக்காக சஹர் சோறு வைக்கிறாள். போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "இந்த வெயில்ல, ரமலான் இல்லாத மாசத்துல, எம்புள்ள நோன்பு புடிக்குது பாருங்க" என்கிறாள். அத்தா போனில் அழுதுவிட்டார். இதுவரை என்னைப் பார்த்து உடம்பைக் குறை என்றவர்கள் எல்லாம் எனக்காகவும் துஆ செய்ம்மா என்கிறார்கள்.

பகல் முழுவதும் நன்றாகத்தான் இருக்கிறது. தலை லேசாக, உடம்பு காகிதம் மாதிரி. இனிமேல் நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்ததும் என்னமோ அவிழ்ந்துவிடுகிறது. கஞ்சி, வடை, சோறு, அதோடு நிற்பதில்லை. ராத்திரி மறுபடி அடுப்படி. முன்னைவிட அதிகம் அக்கா. டப்பா பூட்டித்தான் இருக்கிறது. சாவி எங்கே என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இருந்த பாக்கி முடிந்துவிட்டது. ஆனாலும் வைக்கிறேன். "எத்தனதான்டி வச்சிருக்க பாக்கி, பொறக்குறதுக்கு முன்னாடி உள்ளதையும் சேத்து வக்கிறியா?" என்று அம்மா கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இல்லாத களாவுக்கு நான் மனசில் என்ன நிய்யத் வைப்பேன்? சஹரில் வாய் மட்டும் முணுமுணுக்கிறது. மனசில் இருப்பது அல்லாஹ்வுக்காக இல்லை, இடுப்புக்காக. இதை எழுதவே கை கூசுகிறது. இது குற்றம்தானே? நீ வைக்கும்போது உனக்கு இப்படி இருந்ததா?

சீக்கிரம் எழுது.

ஆஃப்ரா


ரெட்டிபாளையம்
29.5.2025

அன்பு ஆஃப்ராவுக்கு, சலாம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஸ்கூல் லீவு என்றாலும் அட்மிஷன் வேலைக்கு வரச் சொல்கிறார்கள்.

நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், அத்தோடு எழுந்து தொழப் போய்விடு. தொழுதுவிட்டு நேராகப் படுத்துவிடு. கஷ்டமாக இருக்கும். பழகினால் சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டது.

நிய்யத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குளித்தால் முடி கையோடு வருகிறது. சிமெண்ட் தூசிதான் காரணம் என்கிறாள் மாமி. வெளியே நெருப்பாக வெயில், நான் ஸ்கூலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். செல்லப்பன், "டீச்சருக்கு மட்டும் ஊட்டியில போஸ்டிங் வந்திருக்கு" என்று கேலி செய்கிறார். மற்றபடி சுகம். உன் மச்சானின் ஜவுளிக் கடையில் பக்ரீத் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது.

ராத்திரி சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று எழுது. என்னிடம் மறைக்காதே.

ஜன்னத்


லப்பைக்குடிக்காடு
21.6.2025

அக்காவுக்கு சலாம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்கிறீர்களா? பக்ரீதுக்கு நீ வரவில்லை. கடையில் வேலை என்று மச்சான் சொன்னதாகப் பெரியம்மா சொன்னாள். உன் பங்கு கறியை எடுத்து வைத்துக் கடைசி வரை காத்திருந்தாள்.

மறைக்காதே என்றாய், எழுதுகிறேன். பெருநாளும் அடுத்த மூன்று நாளும் நோன்பு வைக்கக் கூடாதே, அந்த நாள்களில் நான் நிறுத்தவே இல்லை. குர்பானிக் கறி எந்த வீட்டில் இருந்து வந்தாலும் பாதி என் வாய்க்குள். வயிறு வலித்துக் குப்புறப் படுத்தேன், வலி குறைந்ததும் எழுந்து போனேன். யாரோ என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன் அக்கா, அப்போதும் கை நிற்கவில்லை.

அந்தக் கோபத்தில் அடுத்த வாரம் மறுபடி நோன்பு. வியாழக்கிழமை ஸ்கூல் பிரேயரில் மயங்கி விழுந்தேன். பி.டி. சார், "இந்த வேல்முருகன் சர்வீஸ்ல முப்பது வருஷமா இப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்லம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கவியா மட்டும் என்னை வகுப்புக்கு இழுத்துப் போய்த் தன் தயிர்சோற்றைப் பிரித்து வைத்தாள். "தின்னுடி" என்றாள். நோன்பு என்றேன். "நீ ராத்திரி என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும், நீதான சொன்ன. பகல்ல பட்டினி கெடந்துட்டு ராத்திரி மாடு மாதிரி மேயிற. மதியானம் ஒழுங்கா தின்னா ராத்திரி ஏண்டி பசிக்கப் போவுது? உங்க சாமி மயங்கி வுழச் சொல்லுச்சா?" என்று திட்டினாள். சாப்பிட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டில் நோன்பாளி மாதிரியே உட்கார்ந்து, அம்மா நீட்டின பேரீச்சம்பழத்தையும் வாங்கிக்கொண்டேன். அம்மா என் தலையில் கை வைத்து ஓதி ஊதினாள். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

நான் என்ன செய்ய? எனக்கு வழி தெரியவில்லை.

ஆஃப்ரா


லப்பைக்குடிக்காடு
8.7.2025

ஜன்னத் அக்காவுக்கு சலாம். என் போன கடிதம் வந்ததா? கவியாவிடம் தினமும் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. "ஒங்க அக்கா லெட்டர் எழுதுறாங்களா, இல்ல கல்லுல வெட்டுறாங்களா?" என்கிறாள்.

முஹர்ரத்துக்கு நீ இரண்டு நோன்பும் வைத்தாய் என்று பெரியம்மா சொன்னாள். மச்சான் அனுப்பின போட்டோவைக் காட்டினாள். "எம்மவ இப்ப சினிமாக்காரி மாதிரி இருக்கா. அவள பாத்துக் கத்துக்கடி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். போன் கை மாறி என்னிடம் வந்தபோது பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கல்யாண வளையல் முழங்கை பக்கம் ஏறி நிற்கிறது. சிரிக்கிறாய், ஆனால் பல் மட்டும்தான் பெரிதாகத் தெரிகிறது. யாரும் அதைச் சொல்லவில்லை. நான் மட்டும் தப்பாகப் பார்க்கிறேனோ என்னமோ.

அக்கா, நீ சாப்பிடுகிறாயா?

கோபமாக இருந்தால் இரண்டு வரி திட்டியாவது எழுது.

ஆஃப்ரா


ரெட்டிபாளையம்
17.7.2025

ஆஃப்ரா,

சலாம். உன் இரண்டு கடிதமும் மேஜை டிராயரில் இருந்தன. எடுப்பேன், வைப்பேன். சுகமா என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு தடவை அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

உனக்குச் சொன்னது எல்லாம் பொய். வேலையில் உடம்பு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் வலீமா விருந்தில் மச்சானின் கூட்டாளிகள் போட்டோவுக்கு நிற்கும்போது, "மாப்ள, ஃப்ரேம் பத்தாது, பொண்ண மட்டும் தனியா எடுக்கச் சொல்லு" என்றார்கள். உன் மச்சான் சிரித்தார். கெட்டவர் இல்லை ஆஃப்ரா. அவர் அதை மறந்தே போயிருப்பார். எனக்குச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஆரம்பித்த களா. பாக்கி இருந்தது எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நோன்பு இல்லாத நாளிலும் நோன்பு என்று சொல்கிறேன். மாமி ஊரெல்லாம் என் மருமகளைப் போல உண்டா என்கிறாள். அவளுக்காக உட்கார்ந்து சாப்பிடும் நாள்களில், உள்ளே போனதை இருக்கவிடுவதில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். அதை மட்டும் நீ ஒருநாளும் செய்யாதே.

நிறுத்த நினைக்கிறேன். முடியவில்லை. நீ சாவி இருக்கும் இடம் தெரியும் என்று எழுதியிருந்தாயே, எனக்குச் சாவியே இல்லாத மாதிரி இருக்கிறது. இப்போது பசி என்றால் என்ன என்றுகூட மறந்துவிட்டது. ரத்தம் ஊறவில்லை என்றால் பிள்ளை தங்காது என்று எங்கேயோ படித்தேன். மாமி அதை வேறு கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

நீ நோன்பை நிறுத்து. கவியா சொன்னதுதான் சரி. நான் உன்னைக் கெடுத்துவிட்டேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது. உன் விஷயத்தை நான் யாரிடமாவது சொன்னேனா? அந்த மாதிரி. என் அம்மாவுக்குத் தெரிந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன். படித்ததும் கிழித்துவிடு.

ஜன்னத்


லப்பைக்குடிக்காடு
28.7.2025

என் அக்காவுக்கு சலாம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். கிழிக்க மட்டும் மனசு வரவில்லை.

உன் கடிதம் வந்த ராத்திரி நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உனக்குத் தெரியும்.

மறுநாள் அம்மாவிடம் களா முடிந்துவிட்டது என்றேன். அம்மா முகம் ஒரு நிமிஷம் வாடியது. "சரி, போதும் போ" என்று சொல்லி சஹர் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். இப்போது கவியாவோடு உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறேன். அவள் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் நெய்சோறா? ஒங்க அத்தா அங்க எண்ணெக் கெணறே வாங்கிட்டாரா?" என்று கேட்டு, அவளுடைய கீரையைப் பாதி என் பக்கம் தள்ளுவாள். மதியம் சாப்பிட்ட நாள்களில் ராத்திரி அந்தக் கை என்னைப் பிடித்து இழுப்பது கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. சில நாள் அடுப்படி வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். சில நாள் திரும்பவில்லை.

ஒன்று கேட்கிறேன், செய்வாயா? நான் மதிய பெல் அடித்ததும் டப்பாவைத் திறப்பேன். நீயும் உன் ஸ்கூலில் அதே நேரம் திற. இரண்டு வாய் போதும். நான் இங்கே சாப்பிடுகிறேன், நீ அங்கே. எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது, உனக்கும் இருக்குமில்லையா?

டாக்டரிடம் போ அக்கா. மச்சானிடம் சொல்ல வேண்டாம், நீயாகப் போ.

ஆஃப்ரா


ரெட்டிபாளையம்
31.7.2025

அன்பு ஆஃப்ராவுக்கு சலாம். எல்லாரும் சுகம்.

நீ மதியம் சாப்பிடுவதைப் படித்துச் சந்தோஷம். நானும் சாப்பிடுகிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே, ஸ்கூல் படியில் சறுக்கி விழுந்துவிட்டேன், மணிக்கட்டில் சுளுக்கு. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதுவிட்டன. வீட்டில் இருந்து ஓய்வெடுக்கும்படி ஹெச்.எம். சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்ட மாமியிடம் நோன்பு என்று சொல்லிவிட்டேன். நோன்போடு எதற்கு ஊசி என்று அவளும் விட்டுவிட்டாள்.

நாளையில் இருந்து ஸ்கூல் இல்லை. அதனால் இந்த விலாசத்துக்கு எழுதாதே. வீட்டுக்கும் எழுதாதே. நன்றாகப் படி. அத்தாவுக்கு என் சலாம்.

ஜன்னத்


அரியலூர்
10.8.2025

அக்கா,

சலாம் சொன்னேன், நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள், வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன் கடைசிக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். சொன்னால் நீ என்னை விட்டுவிடுவாய். என் விஷயமும் வெளியே வரும். அந்தப் பயத்தில் இருந்தேன். அந்த மூன்று நாளும் சாப்பிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி கையில் சோற்றோடு நிற்கும்போது அம்மா விளக்கைப் போட்டாள். என் வாய் நிறைந்திருந்தது. பேச முடியவில்லை. "என்னடி இது" என்றாள். விழுங்கிவிட்டு, "அம்மா, ஜன்னத் அக்கா செத்துரும்மா" என்றேன். அதுதான் முதலில் வந்தது.

அம்மா நம்பவில்லை. "நோன்பு புடிக்கிற புள்ளைக்கு என்ன கேடு? பொறாமையாடி ஒனக்கு?" என்றாள். உன் கடிதங்களை எடுத்து வந்து கொடுத்தேன். அதில் ஒவ்வொன்றிலும் நானும் இருக்கிறேன் இல்லையா? அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து படித்தாள். களாவைப் பற்றிப் படிக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "நா ஊரெல்லாம் சொன்னனேடி" என்றாள், அவ்வளவுதான். பிறகு அந்தச் சோற்றுச் சட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

காலையில் பெரியம்மாவிடம் சொன்னோம். "எம்மவ அல்லாஹ்வுக்குப் பயந்து நடக்குறா. ஒம்மவ தின்னுட்டுத் தின்னுட்டு எம்மவ மேல பழியப் போடுறாளா?" என்று கத்தினாள். கடிதத்தைத் தொடவே இல்லை. தெருவே கேட்டது. நான் தின்கிற விஷயம் இப்போது தெருவுக்குத் தெரியும் அக்கா.

அன்று வெள்ளிக்கிழமை. ராத்திரி அத்தா கூப்பிட்டார். அம்மா பிரியாணி வைக்கவில்லை. "தட்டு எங்க தங்கம்?" என்றார் அத்தா. அம்மா போனை வாங்கி, "இன்னிக்கு அவ சாப்புடுறத நீங்க பாக்க வேணாம். நீங்க சாப்புடுறத நாங்க பாக்குறோம், காட்டுங்க" என்றாள். அத்தா மழுப்பினார். அம்மா விடவில்லை. கடைசியில் போனைத் திருப்பினார். ஒரு காய்ந்த குப்பூஸ் ரொட்டியும் தயிரும் இருந்தது. இத்தனை வருஷமும் போனில் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறார். பிறகு அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். "ஒங்கக்கா கத்துனா கத்தட்டும், நாளைக்கு மொத பஸ்ஸுல போய்ப் புள்ளைய பாரு" என்றார் அத்தா.

வந்தோம். மாமி வாசலிலேயே, "மருமக நோன்புல படுத்திருக்கா, எழுப்ப வேணாம்" என்றாள். அம்மா மாமியைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். மத்தது உனக்குத் தெரியும், தெரியாமலும் இருக்கலாம், உன் கண் பாதி மூடியிருந்தது. மச்சான்தான் உன்னைத் தூக்கினார். தூக்கும்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். இவ்வளவு லேசாக இருப்பாய் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆட்டோவில் முழுக்க அழுதுகொண்டே வந்தார். பெரியம்மா இன்று சாயங்காலம் வந்துவிட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சிவரஞ்சனி மேடம் என்னையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். "பயப்படாத, ஆனா பட்டினி கெடக்காத. நேரத்துக்குச் சாப்புடு. ராத்திரி அந்த மாதிரி வந்தா யாரையாவது எழுப்பு" என்றார். யாரை எழுப்புவது என்று நான் கேட்கவில்லை.

உன் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே நான் இன்று நான்கு இட்லி சாப்பிட்டேன். ஐந்தாவது வேண்டும் போல இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அது போகும் வரை. போக வெகுநேரம் ஆனது. இப்போது எழுதும்போதும் கேண்டீன் பக்கம்தான் மனசு போகிறது.

நீ கோபித்துக்கொள். பேசாமல்கூட இரு. கண்ணை மட்டும் மூடாதே.

ஆஃப்ரா


அரியலூர் ஆஸ்பத்திரி
15.8.2025

ஆஃப்ராவுக்கு,

சலாம். சுகமா என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

சத்தியத்தை உடைத்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை. நேற்று டாக்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இருந்தார். அரை டம்ளர் கஞ்சி. உள்ளே போனது, அங்கேயே இருக்கிறது. ராத்திரி முழுவதும் பயத்தில் தூங்கவில்லை. திருச்சியில் இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், மனசுக்குப் பார்க்கிறவர். அடுத்த வாரம் கூட்டிப் போகிறார்கள். நீயும் வர வேண்டும் என்கிறாள் உன் அம்மா. எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் வா.

உன் மச்சான் தினமும் வந்து கால்மாட்டில் நிற்கிறார். அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொன்னேன். ஞாபகம் இல்லை என்றார். அதற்கும் அழுதார்.

ஊருக்குப் போனபிறகு ராத்திரி சாப்பிட்டாயா? உள்ளதை எழுது. நான் இன்று சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் எழுதுகிறேன். இனிமேல் கவியா வீட்டுக்குப் போடப் போவதில்லை, உன் வீட்டுக்கே வரும்.

என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டும்.

ஜன்னத்